பேர் விழாத பதிவேடு: மலையகமும் விவசாய மானியமும்

கொஞ்சம் நீளமான பதிவு இது. அவசரமில்லாத நேரத்தில் வாசியுங்கள்.

2024 ஒக்டோபரில் நெற்செய்கையாளருக்கான பசளை மானியத்தை அரசாங்கம் ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவிலிருந்து 25,000 ரூபாவாக உயர்த்தியது. நல்ல விடயம். சோறு தின்கிற யாரும் அதைக் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் இருக்கிற நமக்கு அது வேறு ஊர்ச் செய்தியாகவே பட்டது. நம்முடையதும் விவசாய மாவட்டம்தான். தேயிலையை ஒரு பக்கம் வைத்துவிட்டாலும், இரவோடு இரவாகத் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் லொறி லொறியாக மரக்கறி போவது இங்கிருந்துதான். அப்படியிருந்தும் தோட்டத்துச் சனங்களிடம் அரசாங்க மானியம் என்று சொன்னால் ஞாபகம் வருவது சமுர்த்தியும் அஸ்வெசுமவும் கோதுமை மாவும்தான். விவசாயத்துக்கென்று ஒரு மானியம் தங்கள் வாசலுக்கு வரக்கூடும் என்று அவர்கள் நினைப்பதே இல்லை.

"அவர்கள் தொழிலாளர்கள், விவசாயிகள் இல்லையே" என்று சுலபமாகச் சொல்லிவிடுவோர் உண்டு. வரலாற்றைக் கொஞ்சம் பின்னுக்குப் புரட்டினால் அந்தப் பதில் போதாது என்பது தெரியும். யார் விவசாயி என்பதை இந்த நாட்டில் மண்வெட்டி தீர்மானித்ததில்லை. காணிப் பத்திரமும் பதிவேடும்தான் தீர்மானித்தன. அந்தப் பதிவேட்டின் கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

வலப்பனையிலிருந்து தொடங்குவோம். அது நமது மாவட்டம்தான், ஆனால் தேயிலை நாடல்ல, வயல் நாடு. ஆங்கிலேயர் காலத்தில் நெல்லுக்கு வரி இருந்தது. 1878இல் வந்த சட்டத்தோடு அந்த வரியைப் பணமாகவே கட்டவேண்டும் என்ற நெருக்கடி கூடியது. கிராமத்துச் சிங்கள விவசாயி வீட்டுத் தோட்டத்தில் இருந்த நாலு கோப்பி மரத்தை நம்பித்தான் அந்தப் பணத்தைக் கட்டிவந்தான். 1869இல் மடுல்சீமைப் பக்கம் முதலில் காணப்பட்ட கோப்பி இலை நோய் பத்துப் பதினைந்து வருடத்தில் கோப்பியையே அழித்துவிட்டது. கோப்பி போனது, பணம் போனது, வரி மட்டும் நின்றது. கட்டமுடியாதவர்களின் வயல்களை அரசாங்கம் ஏலத்தில் விற்றது. வலப்பனையிலும் உடஹேவாஹெட்டையிலும் குடும்பங்கள் வயலை இழந்து பசியால் செத்தன.

இதை வெளியில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர். நுவரெலியா மாவட்டத்தைப் பற்றி 1893இல் ஒரு கைநூல் எழுதியவரும் அவர்தான். (பின்னாளில் இவர் இஸ்லாத்தைத் தழுவினார். அந்தக் கதை சுவாரசியமானது, இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.) இலங்கையிலும் இங்கிலாந்திலும் பெரிய வாக்குவாதம் நடந்து, கடைசியில் ஆளுநர் ஹவ்லொக் காலத்தில், 1892இல், நெல்வரி நீக்கப்பட்டது. இந்த நாட்டு விவசாயிக்குக் கிடைத்த முதல் பெரிய நிவாரணம் என்று அதைச் சொல்லலாம். நம் மாவட்டத்துப் பிணங்களின் மீது கிடைத்த நிவாரணம்.

ஆனால் அதே நேரத்தில் ஒன்று நடந்தது. இறக்குமதி அரிசி மீதான தீர்வை அப்படியே விடப்பட்டது. இறக்குமதி அரிசியைத் தின்றவர்கள் யார்? நகரத்துச் சனங்கள், அவர்களோடு தோட்டத்துச் சனங்கள். இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த அரிசியைத் தோட்டத்து ஸ்டோரில் அளந்து கொடுத்து, சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். உள்ளூரில் நெல் விதைத்தவனுக்கு வரி போனது. கொழுந்து பறித்தவளின் உலைக்குப் போன அரிசியில் வரி இருந்தது. கிராமத்து விவசாயிக்குக் கிடைத்தது தவறென்று நாம் சொல்லவரவில்லை. அவன் பட்ட பாடு உண்மை. ஒரே மாவட்டத்தில் வாழ்ந்த இரண்டு ஏழைகளில் ஒருவரின் கணக்கு மட்டும் அரசாங்கத்தின் கண்ணில் பட்டது என்பதையே சொல்லவருகிறோம்.

கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் நமது குறிப்புகளில் "கிராமிய விவசாயம்" ஒரு தலைப்பு, "பெருந்தோட்டம்" இன்னொரு தலைப்பு. இரண்டும் சந்திப்பதே கிடையாது. இப்போது யோசித்தால், அது குறிப்பெழுதிய ஆட்களின் பழக்கம் அல்ல, அரசாங்கத்தின் பழக்கம். சட்டங்களே அப்படித்தான் வந்தன.

1935இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. நிலமற்ற விவசாயிகளுக்கு அரசாங்கக் காணியை அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கும் சட்டம். அனுராதபுரம், பொலன்னறுவை, கல்லோயாக் குடியேற்றங்களுக்கெல்லாம் அடிப்படை அதுதான். காணி "இலங்கையருக்கு" என்றது சட்டம். அந்தச் சொல்லுக்குக் கொடுத்த வரைவிலக்கணத்தில் தோட்டத்துத் தொழிலாளரில் பெரும்பாலானோர் அடங்கவில்லை. பிறகு 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். வாக்குரிமை போனதைப் பற்றித்தான் நாம் எப்போதும் பேசுகிறோம். பேசவேண்டியதுதான். ஆனால் பிரஜை இல்லாதவனுக்கு அரசாங்கக் காணியும் இல்லை, காணி இல்லாதவனுக்கு விவசாயப் பதிவும் இல்லை, பதிவு இல்லாதவனுக்கு மானியமும் இல்லை என்ற சங்கிலியும் அன்றே பூட்டப்பட்டது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 1988இன் சட்டம், 2003இன் சட்டம் என்று பிரஜாவுரிமைப் பூட்டு மெல்ல மெல்லத் திறந்தது. மற்றப் பூட்டுகள் தானாகத் திறக்கவில்லை.

இனிப் பணத்தின் பக்கத்தைப் பாருங்கள். சுதந்திரத்தோடு நெல்லுக்கு உத்தரவாத விலை வந்தது. 1950களில் ஒரு புசலுக்கு 12 ரூபா. வெளிநாட்டு அரிசியை அதைவிட மலிவாக வாங்கியிருக்கலாம். அந்த வித்தியாசத்தை அரசாங்கம் ஏற்றது. நுகர்வோருக்குக் கூப்பன் அரிசி மலிவு விலையில். 1953இல் கொத்து 25 சதமாக இருந்த அரிசியை 70 சதமாக்கப்போய்த்தான் ஹர்த்தால் வெடித்து, பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். விவசாயிக்குக் கூடிய விலை, சாப்பிடுகிறவனுக்குக் குறைந்த விலை, நடுவில் உள்ள இடைவெளியை நிரப்பியது எது? அந்தக் காலத்தில் நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் தேயிலை. தேயிலை மீதான ஏற்றுமதித் தீர்வை அரசாங்கத்தின் பெரிய வருமானங்களில் ஒன்று. அதாவது கொழுந்துக் கூடையிலிருந்து போன பணம் வயலுக்கும் கூப்பன் கடைக்கும் போனது. கூப்பன் அரிசியில் தோட்டத்துச் சனங்களுக்கும் பங்கு இருந்தது, அதை மறைக்கக்கூடாது. வயலுக்குப் போனதில் பங்கு இல்லை.

தேயிலைக்கும் மானியம் வரத்தான் செய்தது. 1958ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தேயிலை மானியச் சட்டம். (அதற்கு முன்பே, 1953இல், ரப்பருக்கு வந்துவிட்டது.) வெள்ளைக்காரன் காலத்தில் விதையிலிருந்து வளர்த்த பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு, தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்த, வெட்டுத்துண்டிலிருந்து வளரும் வீ.பீ. தேயிலையை நடுவதற்கு ஏக்கர் கணக்கில் பணம். தேயிலை ஏற்றுமதியில் அறவிட்ட பணத்திலிருந்தே அது கொடுக்கப்பட்டது.

மீள்நடுகை என்றால் என்ன வேலை என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நகரத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். எழுபது எண்பது வருடம் வேரோடிய செடியைக் கிளப்பவேண்டும். சரிவில் கல் அடுக்கவேண்டும், கான் வெட்டவேண்டும். மண் தேறுவதற்கு மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ போட்டு ஒன்றரை இரண்டு வருடம் விடவேண்டும். தவரணையில், அதாவது நாற்றுமேடையில், ஒவ்வொரு இலைத்துண்டையும் பையில் குத்தி, நிழல் போட்டு, தண்ணீர் காட்டி வளர்க்கவேண்டும். பிறகு மலையில் குழி வெட்டி நடவேண்டும். கொழுந்தெடுக்க இன்னும் வருடங்கள் போகும். நம் மலைகளில் இன்று பச்சையாக மட்டமாகத் தெரிகிற வீ.பீ. மலைகள் எல்லாம் அப்படி வந்தவை. தவரணையில் பெரும்பாலும் பெண்கள், குழிக்கு ஆண்கள். அந்த மானியத்தின் காசோலை தோட்டச் சொந்தக்காரருக்குப் போனது. தொழிலாளிக்குச் செக்ரோலில் பேர் விழுந்தது, நாட்சம்பளம் கிடைத்தது. சட்டப்படி அதில் பிழை ஏதும் இல்லை. காணி யாருடையதோ, மானியம் அவருடையது.

பேர் விழுவது என்பது தோட்டத்து வழக்கு. வேலைக்குப் போனால் பேர் விழும், மழையிலோ நிறை குறைவிலோ போனால் அரைப்பேர். தோட்டத்துச் சனங்களின் பேர் ஐந்து தலைமுறையாகச் செக்ரோலில் விழுகிறது. நமது நகரத்துக் கடைகளின் கடன் கொப்பியிலும் விழுகிறது. நாங்கள் கடைக்காரக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள், அந்தக் கொப்பியைப் பார்த்தே வளர்ந்தவர்கள். 1988க்குப் பிறகு வாக்காளர் இடாப்பிலும் பெரும்பாலானோரின் பேர் விழுந்துவிட்டது. விழாத இடம் ஒன்று உண்டு. அதுதான் கமநல சேவை நிலையத்தின் பதிவேடு.

அது எப்படி முக்கியமான பதிவேடானது? 1962இல் பசளை மானியம் ஆரம்பித்தது. அதிக விளைச்சல் தரும் புதிய நெல்லினங்களுக்கு யூரியா வேண்டும், விவசாயி வாங்கட்டும் என்று அரசாங்கம் விலையின் ஒரு பகுதியை ஏற்றது. 1990இல் அதை நிறுத்தினார்கள், 1994இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2005 ஜனாதிபதித் தேர்தலில் மஹிந்த ராஜபக்ஷ நெல் விவசாயிக்கு 50 கிலோ மூடை 350 ரூபாவுக்குத் தருவதாக வாக்குறுதி கொடுத்தார். கொடுக்கவும் செய்தார். உலகச் சந்தையில் யூரியா விலை எகிறிய 2008இலும் மூடை 350தான். 2016இல் பசளைக்குப் பதிலாகப் பணம், நெல்லுக்கு வருடத்துக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபா. 2018இல் திரும்பவும் மூடை. 2019 தேர்தலில் இலவசமாகவே தருவோம் என்றார்கள். கட்சி மாறும், நிறம் மாறும், மூடை பணமாகும், பணம் மூடையாகும். மாறாத ஒன்று, அதை வாங்கப் போகிறவன் கமநல நிலையத்தில் பதிந்த காணிக்காரனாகவோ பதிந்த குத்தகைக்காரனாகவோ இருக்கவேண்டும் என்பது. கமக்காரர் அமைப்பில் அங்கத்துவம் வேண்டும். காணிக்கு உறுதியோ அனுமதிப்பத்திரமோ வேண்டும்.

தோட்டத்துக் காணிக்கு அது எங்கிருந்து வரும்? 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்தது. தனியார் காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு வைத்தார்கள், பிறகு கம்பெனித் தோட்டங்களையும் அரசாங்கம் எடுத்தது. உழுதவனுக்கு நிலம் என்று உலகமெங்கும் பேசிய காலம். இங்கே தோட்டத்தில் உழைத்தவனுக்குக் கிடைத்தது துரை மாறியதுதான். கம்பெனித் துரைக்குப் பதிலாக ஜனவசமத் துரை. 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் சனம் பட்ட பாட்டை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். 1977இல் நமது மாவட்டத்திலேயே தோட்டக் காணி 7,000 ஏக்கரைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்கப்போனபோது, அதை எதிர்த்து நின்ற டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் மே 11ஆம் திகதி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போனார். அந்த 7,000 ஏக்கரைக் கூலிக்காரன் பார்வையில் மட்டும் பார்க்காதீர்கள். அது பதிவேட்டின் கதையும்தான். துண்டு துண்டாகப் பிரிந்த காணி யாருடைய பேரில் எழுதப்படுகிறதோ அவர் அன்றிலிருந்து விவசாயி. அந்தக் காணியில் அதுவரை வேலை செய்தவர் விவசாயி அல்ல.

1975இல் சிறு தேயிலைத் தோட்ட அபிவிருத்தி அதிகார சபைக்கான சட்டமும் வந்தது. இரத்தினபுரி, காலி, மாத்தறை, களுத்துறைப் பக்கம் அரை ஏக்கர், ஒரு ஏக்கரில் தேயிலை போட்ட குடும்பங்களுக்கு நடுகை மானியம், பசளை, ஆலோசனை எல்லாம் அதன் வழியாகக் கிடைத்தன. விளைவு? இன்று நாட்டின் தேயிலையில் 70 சதவீதத்துக்கு மேல் சிறு தோட்டக்காரர்களுடையது. காணியும் மானியமும் ஒரே கையில் சேர்ந்தால் ஏழைக் குடும்பம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். 150 வருடமாகத் தேயிலையைத் தவிர வேறு தெரியாத மலையகக் குடும்பங்கள் அந்தக் கணக்கில் இல்லை என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது. 1992இல் தோட்டங்கள் கம்பெனிகளுக்குக் கொடுக்கப்பட்டு, நீண்டகாலக் குத்தகை எழுதப்பட்டது. காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பெனியுடையது, வீடு தோட்டத்துடையது. பிற்காலத்தில் சில கம்பெனிகள் தேயிலைச் செடிகளைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்துக் கொழுந்தை வாங்கும் முறையைக் கொண்டுவந்தன. அதிலும் செடியைப் பராமரிப்பது குடும்பம், காணிக்காரர் பழைய ஆள்தான்.

இனி நாம் கண்ணால் பார்க்கிற விடயத்துக்கு வருவோம். தோட்டத்தில் வேலை இல்லாத நேரத்திலும் வேலை முடிந்த பின்னேரத்திலும் ஆற்றோரம், லயத்துக்குப் பின்பக்கம், கைவிடப்பட்ட மலை என்று எங்கெல்லாம் இடம் கிடைக்கிறதோ அங்கெல்லாம் சனம் மரக்கறி போடுகிறது. 1967இல் உருளைக்கிழங்கு இறக்குமதியைத் தடுத்ததோடு நுவரெலியா மரக்கறிக்கு நல்ல காலம் பிறந்தது. காணிக்காரர்கள் வீடு கட்டினார்கள், லொறி வாங்கினார்கள். தோட்டத்துச் சனங்கள் முதலில் அந்தத் தோட்டங்களில் கூலிக்குப் போய்த் தொழிலைக் கற்றார்கள், பிறகு தாங்களே கிடைத்த துண்டில் போட்டார்கள்.

ஒருமுறை தரம் 10 வகுப்பில் பசளை மானியம் பற்றிப் பேசும்போது, வீட்டில் யாராவது விவசாயம் செய்கிறார்களா என்று கேட்டோம். கை தூக்கியவர்கள் இரண்டு மூன்று பேர். "மரக்கறி போடுறவங்க?" என்று கேட்டோம். அரைவாசி வகுப்பு கை தூக்கியது. முன் வரிசையில் இருந்த ஒரு பிள்ளை சொன்னது: "சேர், அப்பா லீக்ஸ் போடுறாரு. ஆனா அது விவசாயம் இல்ல, தோட்டத்துக் காணி." அந்தப் பிள்ளைக்கு யாரும் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. தகப்பன் கமநல நிலையத்தில் கேட்ட பதிலைப் பிள்ளை வீட்டில் கேட்டிருக்கும்.

அந்த லீக்ஸுக்குப் பசளை எங்கிருந்து வந்தது? நம் கடைகளிலிருந்து, கடனுக்கு. அறுவடையில் கழித்துக்கொள்ளும் கடன். மானியம் இல்லாதவனுக்கு அதுதான் மானியம், வட்டியை விலைக்குள் வைத்த மானியம். இதைக் கடைக்காரரைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. விலை விழுந்த போகத்தில் கொப்பியோடு நின்ற கடைக்காரரையும் நாம் பார்த்திருக்கிறோம். அரசாங்கம் சுமக்கவேண்டிய ஆபத்தை இரண்டு சிறிய மனிதர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

பிறகு 2021 வந்தது. ஏப்ரலில் அறிவிப்பு, மே 6ஆம் திகதி வர்த்தமானி, இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை. நவம்பரில் வாபஸ் வாங்கினார்கள். அதற்குள் நடந்தது நடந்துவிட்டது. 2021இல் 30 கோடி கிலோவுக்குக் கிட்ட இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடி கிலோவாகச் சரிந்தது. மலையில் கொழுந்து இல்லாவிட்டால் நிறை இல்லை, நிறை இல்லாவிட்டால் அரைப்பேர். மரக்கறித் துண்டிலும் கரட் விரலளவுக்கு மேல் பருக்கவில்லை. கடைகளில் பசளை இல்லை, இருந்த இடத்தில் விலை கேட்டால் தலை சுற்றும்.

2022 ஜனவரியில் நிதி அமைச்சர் பசில் ராஜபக்ஷ ஒரு நிவாரணப் பொதியை அறிவித்தார். நெல் விவசாயிக்குக் குறைந்த விளைச்சலை ஈடுசெய்ய நெல் கிலோவுக்கு 25 ரூபா மேலதிகமாக. தோட்டக் குடும்பத்துக்கு? மாதம் 15 கிலோ கோதுமை மா, கிலோ 80 ரூபா வீதம். கவனித்தீர்களா? ஒரே கொள்கை, ஒரே தடை, ஒரே நட்டம். வயல்காரன் உற்பத்தியாளனாகப் பார்க்கப்பட்டான், அவனுக்கு விளைச்சலுக்கு ஈடு. தோட்டத்தான் வயிறாகப் பார்க்கப்பட்டான், அவனுக்கு ரொட்டிக்கு மா. அந்த மாவையும் வேண்டாமென்று சொல்லும் நிலையில் அன்று யாரும் இருக்கவில்லை. அந்த வருட நடுப்பகுதியில் இந்தியக் கடனில் 65,000 தொன் யூரியா வந்தபோதும் முதலில் வயலுக்கே போனது, மூடை 10,000 ரூபாவுக்கு.

இது நமது நாட்டுக்கு மட்டும் உரிய வியாதி என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் 1933இல் ரூஸ்வெல்ட் அரசாங்கம் பருத்தி விலையைத் தூக்குவதற்காக, பயிரைக் குறைத்தால் பணம் என்று சட்டம் கொண்டுவந்தது. பணம் காணிக்காரரின் கைக்குப் போனது. பருத்தியைக் குறைத்ததும் வாரத்துக்குப் பயிரிட்ட குடும்பங்கள் தேவையில்லாமல் போயின. பணத்தை வாங்கிய காணிக்காரர்களில் பலர் அந்தக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். 1934இல் ஆர்கன்சா மாநிலத்தின் டைரோன்சா என்ற சிறிய ஊரில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகச் சேர்ந்து குத்தகை விவசாயிகள் சங்கம் அமைத்தது அதனால்தான்.

பக்கத்து நாட்டில் தெலங்கானா 2018இல் ஏக்கருக்குப் போகத்துக்கு 4,000 ரூபா என்று ரைத்து பந்து திட்டத்தை ஆரம்பித்தது. பட்டாப் புத்தகம் வைத்திருந்தவருக்குப் பணம், வாரத்துக்கு உழுதவருக்கு இல்லை. 2019இல் வந்த மத்திய அரசின் வருடத்துக்கு 6,000 ரூபாத் திட்டமும் காணியுள்ள குடும்பங்களுக்கே. ஆனால் அதே காலத்தில் ஒடிசா மாநிலம் காலியா என்ற திட்டத்தில் வாரச் சாகுபடியாளரையும் நிலமற்ற குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டது. நிலமற்ற குடும்பத்துக்கு ஆடு, கோழி, காளான் போன்ற தொழிலுக்கு 12,500 ரூபா. செய்யமுடியாத காரியம் என்று யாராவது சொன்னால் ஒடிசாவைக் காட்டலாம். ஒடிசா ஒன்றும் பணக்கார மாநிலம் அல்ல.

இப்போது நிலைமை எங்கே நிற்கிறது? சில கதவுகள் திறந்திருக்கின்றன. பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் செலவு செய்யத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. 7 பேர்ச்சஸில் தனி வீடு என்று தொடங்கி, இப்போது 10 பேர்ச்சஸ் என்று பேசுகிறார்கள். வீட்டுக்கு அது பெரிய விடயம், நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 160 பேர்ச்சஸ் ஒரு ஏக்கர். 10 பேர்ச்சஸில் வீட்டைக் கட்டிவிட்டால் மிஞ்சுவது கறிவேப்பிலைக்கும் நாலு கோவாவுக்கும்தான். ஆற்றோரத்துத் துண்டு இன்னும் யாருடைய பேரிலும் இல்லை.

பயிர்க் காப்புறுதியைப் பாருங்கள். 2018 முதல் ஆறு பயிர்களுக்கு இலவசக் காப்புறுதி உண்டு, ஏக்கருக்கு 40,000 ரூபா வரை. நெல், சோளம், சோயா, மிளகாய், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு. நம் மாவட்டத்துக் கரட்டும் லீக்ஸும் கோவாவும் அந்தப் பட்டியலில் இல்லை. இது தோட்டத்துச் சனங்களுக்கு மட்டுமல்ல, கந்தப்பளைச் சிங்கள விவசாயிக்கும் வெலிமடைப் பக்கத்து நமது முஸ்லிம் விவசாயிக்கும் சேர்ந்த குறை. மூன்று சமூகமும் சேர்ந்து கேட்கக்கூடிய விடயங்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. இது அதில் ஒன்று.

2025 நவம்பரில் சமர்ப்பித்த வரவுசெலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ஆக்கி, அதன் மேல் அரசாங்கமே ஒரு நாளைக்கு 200 ரூபா வருகைக் கொடுப்பனவு தரும் என்றார்கள். அதற்கு 500 கோடி ரூபா ஒதுக்கீடு. கம்பெனி கொடுக்கவேண்டியதை மக்களின் வரிப்பணத்தில் ஏன் கொடுக்கவேண்டும் என்ற கேள்வி நியாயமானது. நமக்கும் அந்தக் கேள்வி உண்டு. ஆனால் வரலாறு படிப்பிக்கிறவர்கள் என்ற முறையில் இன்னொன்றையும் கவனிக்கிறோம். இது ஏக்கருக்குக் கொடுக்கும் பணம் அல்ல, ஆளுக்குக் கொடுக்கும் பணம். மலையில் பேர் விழுந்தால் பணம். 1958இன் காசோலை போன பாதையில் இது போகவில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தோட்டத்திலோ வெளியிலோ காணித் துண்டு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து மரக்கறி செய்பவர்கள், வாய்ப்பேச்சில் விடாமல் ஒரு சிறிய எழுத்தாவது வாங்கிக்கொள்ளுங்கள். குத்தகைக் கடிதம் இருந்தால் கமநல நிலையத்தில் குத்தகைச் செய்கையாளராகப் பதியக் கேட்கலாம். கிராம உத்தியோகத்தரிடம் முதலில் பேசுங்கள். படிவம் நிரப்பக் கஷ்டமாக இருந்தால் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள், பாடசாலை விட்ட பிறகு நாங்கள் சேர்ந்து நிரப்புகிறோம். மறுத்தால், மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதமும் பின்னால் உதவும்.

இன்னொன்று. பழைய அரிசிக் கூப்பன் புத்தகம், தோட்டத்து அரிசிக் கணக்குத் துண்டு, மீள்நடுகைக் காலத்துத் தவரணைப் படங்கள், கடைகளின் பழைய கடன் கொப்பி, இப்படி எது உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்தாலும் தூக்கி எறியாதீர்கள். கடன் கொப்பியில் ஆட்களின் பேரை மறைத்துவிட்டுத்தான் பாவிப்போம். பிள்ளைகளின் வரலாற்றுக் கண்காட்சிக்கு இரண்டு வாரம் இரவல் தந்தால் போதும், பத்திரமாகத் திருப்பித் தருவோம்.